நாலு ஸ்க்ரூ

ஜூலை 8

டேய் கழட்டி,

உன் கையெழுத்து வந்து சேர்ந்துச்சு.

தலைமையாசிரியை என்னை ரூமுக்குக் கூப்பிட்டு, ஒரு காகிதத்தை மேஜை மேல தள்ளினாங்க. மேல உங்க ஃபேன் கம்பெனி முத்திரை. நடுவுல நாலு பத்தி மிரட்டல். கீழே "வடிவமைப்புத் துறைத் தலைவர்". அதுக்கு மேல உன் கையெழுத்து. அப்பா வெளியூர் வேலையில இருந்த வருஷமெல்லாம் உன் மார்க் ஷீட்டுல அப்பா கையெழுத்தைப் போட்டவ நான். கணக்குல நீ வாங்கின அந்த இருபத்திரெண்டுக்கும் போட்டேன், அம்மாவுக்குத் தெரியாம. அந்த நன்றிக்கு நீ போட்டுத் திருப்பி அனுப்பின கையெழுத்து இதுதானா?

போன் பண்ணினா எடுக்க மாட்டேங்கிற. எடுத்தாலும் பாதியில வெச்சிடுவ. அதனாலதான் கடுதாசி. இதை நீ பாதியில மடிச்சு வெச்சாலும் மிச்சம் உள்ளயே இருக்கும், நாளைக்குப் படிச்சுக்கலாம்.

நடந்தது என்னன்னு ஒழுங்கா சொல்றேன், ஏன்னா நீ யார்கிட்டயும் ஒழுங்கா கேட்டிருக்க மாட்ட. ஒன்பதாம் வகுப்புப் புவியியல் புத்தகத்துல ஒரு படம் இருக்கு. சுரங்கம், அங்கிருந்து அம்புக்குறி, தொழிற்சாலை, அம்புக்குறி, சந்தை, அம்புக்குறி, நுகர்வோர். அதோட படம் முடிஞ்சிடும். பதினாலு வருஷமா அந்தப் படத்தைப் போர்டுல வரைஞ்சுட்டு, கையில இருக்கிற சாக்பீஸ் தூளைத் தட்டிட்டு அடுத்த பாடத்துக்குப் போனவதான் நானும். இந்த வருஷம் கடைசி பெஞ்சுல ஒருத்தி இருக்கா. வாயாடின்னு வகுப்பே கூப்பிடும், அவளும் பெருமையாத் திரும்பிப் பார்ப்பா. அவ எழுந்து, "டீச்சர், நுகர்வோருக்கு அப்புறம் அம்புக்குறி எங்க போகுது?"ன்னு கேட்டா.

பதில் தெரியலடா எனக்கு. சரி, போய்ப் பார்ப்போம்னு சொல்லிட்டேன். நம்ம ஊர் பழைய இரும்புக் கடைகளுக்கு நாப்பத்தோரு பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனேன். ஏதாவது ஒரே பொருளை எடுத்து, அது எங்கெங்க வந்து சாகுதுன்னு வரைபடத்துல புள்ளி வெப்போம்னு முடிவு. எந்தப் பொருள் அதிகமாக் கிடக்குதோ அதையே எடுப்போம்னு சொன்னேன். நீல முதுகு டேபிள் ஃபேன்தான் மலை மாதிரி கிடந்துச்சு. அது உங்க ஃபேன்னு தெரிஞ்சப்போ நான் என்ன பண்ணியிருக்கணும்? "பிள்ளைங்களா, இது என் தம்பி கம்பெனி, வாங்க செருப்பை எண்ணுவோம்"னா?

இருநூத்திப் பதினாலு சிவப்புப் புள்ளி. ஹாலுக்கு வெளியே சுவர் முழுக்க ஒட்டினோம். இப்ப பதினஞ்சு நாளுக்குள்ள அதைக் கிழிக்கணும்னு உன் கையெழுத்து சொல்லுது. தலைமையாசிரியை அதோட நிக்கல. அவங்க கணக்கு டீச்சரா இருந்து வந்தவங்க. "அக்டோபர் கண்காட்சி வரைக்கும் பார்க்கிறேன். வம்பு தீரலைன்னா ஒன்பதாம் வகுப்புப் புவியியல் பீரியட் ரெண்டைக் கணக்குக்கு மாத்திடுவேன்"னு சொல்லிட்டாங்க. வாரத்துக்கு இருக்கிறதே மூணு.

என் பிழைப்புல மண்ணைப் போட்டது யாரோ முகம் தெரியாதவன்னா தாங்கிக்குவேன்.

அக்கா

&nbsp;

ஜூலை 15

மதிப்பிற்குரிய புவியியல் ஆசிரியை அவர்களுக்கு,

தங்கள் 8ஆம் தேதிக் கடிதம் கிடைத்தது. எங்கள் நிறுவனத்தின் பொருள்களைப் பற்றித் தங்கள் பள்ளி காட்சிக்கு வைத்துள்ள வரைபடத்தின் எண்ணிக்கை ஆதாரமற்றது. தங்கள் ஊரில் இந்த மாடல் விற்கத் தொடங்கி ஐந்து ஆண்டுகளே ஆகின்றன. எங்கள் விற்பனைப் பதிவுகளின்படி இத்தனை ஃபேன்கள் பழுதாகியிருக்க வாய்ப்பே இல்லை. பயன்படுத்துவோரின் கவனக்குறைவால் ஏற்படும் பழுதுகளுக்கு நிறுவனம் பொறுப்பாகாது. எனவே தாங்கள்

சே. என்னால இந்த மொழியில உனக்கு எழுத முடியல.

அக்கா, நீ என்ன பண்ணியிருக்கேன்னு உனக்குத் தெரியுதா? எங்க விற்பனை ஆள் ஒருத்தர் உங்க ஊருக்கு வந்தப்போ அந்தச் சுவரைப் போட்டோ எடுத்து எம்.டி.க்கு அனுப்பிட்டார். எம்.டி. என்னைக் கூப்பிட்டு, "இது உங்க ஊர்தானே?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "அங்க யாராவது தெரிஞ்சவங்க இருக்காங்களா?" தெரிஞ்சவங்களாம்! எங்க அக்காதான் சார் கோந்து தடவி ஒட்டினாங்கன்னு சொல்லவா? வாயை மூடிட்டு நோட்டீஸ்ல கையெழுத்துப் போட்டேன்.

எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாம் நீ. "தம்பி, உன் ஃபேன் நிறையக் கிடக்குடா, என்னடா விஷயம்?"னு ஒரு வார்த்தை. அதைச் செய்யாம ஊர் கூடிப் பார்க்கிற சுவர்ல ஒட்டிட்ட. சின்ன வயசுல நான் ரேடியோவைக் கழட்டி உடைச்சப்பவும் இப்படித்தான், என்கிட்ட கேக்காம நேரா அப்பாகிட்டதான் போன. கழட்டின்னு பேரும் வெச்ச.

ஒண்ணு மட்டும் உறுதியாச் சொல்றேன். உன் எண்ணிக்கை தப்பு. எங்க தப்புன்னு எனக்குத் தெரியாது, ஆனா தப்பு. என் வேலை எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு உடம்பு எப்படி இருக்கு? அவங்களுக்கு மட்டும் தனியாப் பணிவன்போட.

வடிவமைப்புத் துறைத் தலைவர்

&nbsp;

ஜூலை 21

தலைவர் அவர்களுக்கு,

எண்ணிக்கை தப்பா? நாப்பத்தோரு ஜோடிக் கண்ணும் என் கண்ணும் பொய், உன் ஆபீஸ் கம்ப்யூட்டர் மட்டும் சத்தியமா? சரி. இன்னொரு தடவை எண்ணுறோம். ஒவ்வொரு ஃபேனோட அடியிலயும் ஒரு தகட்டுல சீரியல் நம்பர் இருக்கு, அதையும் எழுதறோம். எண்ணி முடிச்சதும் உன் மூக்கு உடையும், மருந்து வாங்கி வெச்சுக்கோ.

அப்பாகிட்ட போனது உண்மைதான். அப்ப எனக்கு வயசு பன்னெண்டு. இன்னுமா அதைத் தூக்கிச் சுமக்கிற?

அம்மா நல்லா இருக்காங்க. "ரெண்டும் சேர்ந்து என் உயிரை வாங்குதுங்க"ன்னு சொல்லச் சொன்னாங்க. அது உனக்கும் சேர்த்துத்தான்.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 12

தம்பி,

மூணு வாரமா எழுதல. ஏன்னு இப்ப சொல்றேன். இந்தக் கடுதாசியை நாலு தடவை ஆரம்பிச்சுக் கிழிச்சிருக்கேன்.

உடைஞ்சது என் மூக்குதான்.

நாங்க முதல் ரெண்டு வாரம் ஊருக்குள்ள இருக்கிற அஞ்சு சின்னக் கடையில எண்ணினோம். மூணாவது வாரம் பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய கிடங்குல எண்ணினோம். எல்லாத்தையும் கூட்டிப் போட்டா இருநூத்திப் பதினாலு. இப்ப திரும்ப எண்ணக் கிளம்பின அன்னைக்கு வாயாடி வாயே திறக்கல. அவ பேசாம வந்தா ஏதோ கோளாறுன்னு அர்த்தம். ஓரமாக் கூட்டிட்டுப் போய்க் கேட்டேன். அழுதுட்டா.

அவங்க வீட்டு ஃபேனே அந்தக் கூட்டத்துல கிடந்திருக்கு. சின்ன வயசுல அவ அதோட பீடத்துல ஒரு மஞ்சள் கிளி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கா. அவங்க தெருக் கடையில எண்ணும்போது அது முப்பத்தேழாம் நம்பர். ரெண்டு வாரம் கழிச்சுப் பெரிய கிடங்குல நூத்தி அறுபதாம் நம்பரா எழுதும்போது, அதே கிளி! சின்னக் கடைக்காரங்க எல்லாரும் சனிக்கிழமை சனிக்கிழமை வண்டி பிடிச்சுப் பெரிய கிடங்குக்குத்தான் அனுப்புறாங்க. கடையில எண்ணின ஃபேனையே கிடங்குலயும் போய் எண்ணியிருக்கோம். "அப்பவே ஏன் சொல்லல?"ன்னு கேட்டேன். "நம்ம நம்பர் குறைஞ்சிடுமே டீச்சர்"னு சொன்னா.

அவளை எப்படித் திட்டுவேன், சொல்லு. பொருள் ஒரு இடத்துல நிக்காது, நகர்ந்துக்கிட்டே இருக்கும்கிறதுதானே பாடம். அதை நடத்தின நானே பொருள் நகரும்னு மறந்துட்டு எண்ணியிருக்கேன். வேற எந்த டீச்சர் இந்தத் தப்பைச் செய்வா? புவியியல் டீச்சரால மட்டும்தான் முடியும்.

எல்லாக் கடையிலயும் கிடங்குலயும் சீரியல் நம்பரை எழுதி, ஒரு நம்பரை ஒரே தடவைதான் எண்ணினோம். முதல் எண்ணிக்கையில எண்பத்தி மூணு ரெண்டு தடவை விழுந்திருக்கு. சரியான எண்ணிக்கை நூத்தி முப்பத்தி ஒண்ணு.

நீ சொன்னது சரி. என் தம்பிக்கு அவன் வேலை தெரியும். இதை எழுத எனக்கு எவ்வளவு கசக்குதுன்னு உனக்கும் தெரியும்.

போன வெள்ளிக்கிழமை பெற்றோர் கூட்டம். எல்லார் முன்னாடியும் சுவர்கிட்ட போனேன். புதுசா வேற காகிதம் ஒட்டி மறைச்சிருக்கலாம், அப்படித்தான் பக்கத்து ரூம் டீச்சர் யோசனை சொன்னா. மனசு வரல. பழைய நம்பர் தெரியும்படியே ஒரு கோடு போட்டு அடிச்சு, பக்கத்துல 131 எழுதினேன். எங்க தப்பு பண்ணினோம்னு வாயாடியே மைக்ல சொன்னா. ஒரு வார்த்தை விடாம சொன்னா. யாரும் சிரிக்கல. தலைமையாசிரியை என்னைத் தனியாக் கூப்பிட்டு, "விடையை அடிச்சுத் திருத்தினவங்களுக்கு நான் எப்பவும் மார்க் குறைச்சதில்ல. சுவர் இருக்கட்டும். ஆனா அந்த நோட்டீஸை அவங்க திரும்ப வாங்கணும். வாங்கினாத்தான் பீரியட்"னு சொன்னாங்க.

ஆக, இப்ப எல்லாம் உன் கையில.

ஆனா ஒண்ணு கேளு. மிச்சம் நூத்தி முப்பத்தி ஒண்ணு நிஜம். அதுல இருபதை நம்ம ஊர் மெக்கானிக் எங்க முன்னாடியே உடைச்சுப் பார்த்தார். பதினேழுல மோட்டாரைக் கிளப்பிவிடுற கன்டென்சர் மட்டும்தான் போயிருக்கு. மோட்டார் நல்லா இருக்கு, இறக்கை நல்லா இருக்கு, உள்ள இருக்கிற செம்புக் கம்பி புதுசு மாதிரி மின்னுது. கட்டைவிரல் அளவு சாமானுக்காக மொத்த ஃபேனும் செத்துப் போச்சு. முதுகைத் திறக்க வழியே இல்லன்னு மெக்கானிக் தலையில அடிச்சுக்கிட்டார்.

ஒரு ஃபேனைப் பார்சல்ல அனுப்பியிருக்கேன். முப்பத்தேழாம் நம்பர். நீயே திறந்து பாரு.

அக்கா

&nbsp;

ஆகஸ்ட் 23

அக்கா,

பார்சல் ஆபீஸுக்கு வந்துச்சு. பீடத்துல கிளியைப் பார்த்ததும் பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில சமையல் மேடை மேல வெச்சுக் கழட்ட உட்கார்ந்தேன். நான் வரைஞ்ச ஃபேன். அதோட ஒவ்வொரு வளைவும் எனக்குத் தெரியும். ஒரு மணி நேரம் ஆச்சு, திறக்க முடியல. கடைசியில உளியை வெச்சு சுத்தியலால அடிச்சேன். முதுகு மூடி ரெண்டாப் பிளந்துச்சு, கட்டைவிரல் நசுங்கிச்சு. ரேடியோவைத் திறக்க எனக்கு ஒரு வெண்ணெய்க் கத்தி போதுமா இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?

கன்டென்சர்தான். மெக்கானிக் சொன்னது சரி. பழசை எடுத்துட்டுப் புதுசு போட்டேன், ஒரு டீ குடிக்கிற காசு. சுவிட்சைத் தட்டினதும் ஜம்முன்னு சுத்துச்சு. கால் மணி நேரம் அதுக்கு முன்னாடியே உட்கார்ந்திருந்தேன். ஓடுது அக்கா. ஆனா மூட முடியல.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லணும். பழைய மாடல்ல முதுகை மூட நாலு ஸ்க்ரூ இருந்துச்சு. அம்மாகிட்ட இருக்கிற ஃபேனைத் திருப்பிப் பாரு, இருக்கும். ஆறு வருஷத்துக்கு முன்னாடி அந்த நாலு ஸ்க்ரூவை எடுத்துட்டு நாலு ரிவெட் வெச்சோம். ரிவெட்டுன்னா அடிச்சு இறுக்கிட்டா அப்புறம் உடைச்சாத்தான் வரும். வேலை சீக்கிரம் முடியும், யாரும் கையை விட்டு ஷாக் அடிச்சுக்க மாட்டாங்கன்னு சொல்லி எல்லாரையும் சம்மதிக்க வெச்சது ஒரு ஆள். அதுக்காகப் பாராட்டுச் சான்றிதழ் வாங்கினான், நாற்காலி வாங்கினான். அந்தச் சான்றிதழ் என் முதுகுக்குப் பின்னாடி சுவர்ல தொங்குது.

நான்தான் அக்கா. கம்பெனி இல்ல, எம்.டி. இல்ல. நான்.

நோட்டீஸைத் திரும்ப வாங்கணும்னா ஏன்னு சொல்லணும். ஏன்னு சொன்னா ரிவெட் யாருதுன்னு பேச்சு வரும். பயமா இருக்கு. உன்கிட்ட மட்டும்தான் இதைச் சொல்றேன். அப்பாகிட்ட போயிடாத.

தம்பி

&nbsp;

ஆகஸ்ட் 30

கழட்டி கண்ணா,

அப்பா இருந்தாலும் போயிருக்க மாட்டேன். போதுமா?

உன் கடுதாசியை மூணு தடவை படிச்சேன். கட்டைவிரல் எப்படி இருக்கு? வீங்கியிருந்தா டாக்டர்கிட்ட காட்டு, உளி அடி லேசுப்பட்டது இல்ல.

வீட்டுல இருந்த கடிகாரம், பூட்டு, தையல் மெஷின், அப்பாவோட மூக்குக் கண்ணாடி, எதையும் நீ விட்டு வெச்சது கிடையாது. எல்லாத்தையும் திறந்து பார்த்த பிள்ளை நீ. நீ செஞ்ச ஒரு பொருளை யாராலயும் திறக்க முடியலங்கிறதை என்னால நம்பவே முடியலடா. உனக்கும் அது உறுத்தாம இருந்திருக்காது. நாற்காலியில உட்கார்ந்து ரொம்ப நாள் ஆச்சு, அவ்வளவுதான்.

உன்னைச் சொல்லுன்னு நான் நெருக்க மாட்டேன். என் பீரியட் போனா போகட்டும், உன் வேலை போகக்கூடாது. இதை மனசாரத்தான் எழுதறேன், நடிக்கல.

ஆனா இங்க ஒரு கூத்து நடக்குது, அதை உன்கிட்ட மறைக்கவும் முடியாது. பிள்ளைங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் குடுத்தேன். வீட்டுல எது வாங்கினாலும், வாங்குறதுக்கு முன்னாடி அதைத் திருப்பி முதுகைப் பார்க்கணும். கடைக்காரர்கிட்ட மூணு கேள்வி கேக்கணும்: இது நமக்கு நிஜமாவே வேணுமா, இதைத் திறக்க முடியுமா, கெட்டுப்போனா எங்க போகும். முதல் கேள்விக்குக் கடைக்காரர் என்ன பதில் சொல்வார், பாவம்! ஒரு பையன் அவங்க அப்பாவைக் கடையில இருந்தே திரும்பக் கூட்டிட்டு வந்துட்டான், வீட்டுல இருக்கிற இஸ்திரிப் பெட்டிக்கு ஒயர் மாத்தினாலே போதும்னு. அவங்க அம்மா வந்து எனக்கு நன்றி சொன்னாங்க, அப்பா வந்து முறைச்சார்.

இப்ப ஊர்ல பெரியவங்களும் இதைப் பிடிச்சுக்கிட்டாங்க. கடைத்தெருவுல யாரு டேபிள் ஃபேன் வாங்க வந்தாலும் முதல்ல குழந்தையைக் குப்புறப் போடுற மாதிரி கவுத்துப் பார்க்கிறாங்க. நீல முதுகைப் பார்த்தா வெச்சுட்டுப் போயிடறாங்க. உங்க விற்பனை ஆளுங்க சீக்கிரம் புலம்பப் போறாங்க, தயாரா இரு.

பிள்ளைங்க வரைபடத்தைச் சின்னதா ஒரு பிரதி எடுத்திருக்காங்க. அடிச்சுத் திருத்தின நம்பரோடயே. இதோட வெச்சிருக்கேன். என்ன பண்ணணும்னு உனக்குத் தோணுதோ அதைப் பண்ணு. ஒண்ணும் பண்ணாட்டியும் நீ என் தம்பிதான்.

அக்கா

&nbsp;

செப்டம்பர் 24

அக்கா!

உட்கார்ந்திருக்கியா? உட்காரு. அம்மாவையும் பக்கத்துல உட்கார வெச்சுக்கோ.

திங்கட்கிழமை மாசக் கூட்டம். விற்பனை மேனேஜர் எழுந்ததும் உங்க ஊர் பேரைத்தான் எடுத்தார். "அங்க கடைக்காரங்க தினமும் போன் பண்றாங்க சார். வர்றவங்க எல்லாரும் ஃபேனைக் கவுத்துப் பார்த்துட்டு, இது திறக்குமான்னு கேக்கிறாங்களாம். பக்கத்து ஊருக்கும் பரவிடுச்சு. யாரோ ஒரு டீச்சர் பண்ற வேலை"ன்னார். எம்.டி. மேஜையைத் தட்டி, "யார் அந்த டீச்சர்?"னு கேட்டார்.

நான் எழுந்து நின்னேன். "எங்க அக்கா சார்"னேன்.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்புச்சு.

இனிமே பின்வாங்க முடியாதுன்னு ஆகிடுச்சு. பையில இருந்து கிளி ஃபேனை எடுத்து மேஜை மேல வெச்சேன். உடைஞ்ச மூடி, பழைய கன்டென்சர், நீ அனுப்பின வரைபடம், எல்லாத்தையும் வரிசையா வெச்சேன். எங்க அம்மா வெச்சிருக்கிற ஃபேன் பதினோரு வருஷமா ஓடுது, ரெண்டு தடவை கன்டென்சர் மாத்தியிருக்காங்க, ஏன்னா அதுல ஸ்க்ரூ இருக்கு, இதுல இல்லன்னு சொன்னேன். "ரிவெட் என் யோசனை சார். தப்பு என்னோடது. அந்த நோட்டீஸும் தப்பு"ன்னேன்.

எம்.டி. வரைபடத்தைக் கையில எடுத்தார். 214ஐ அடிச்சு 131ன்னு எழுதியிருக்கே, அங்க விரலை வெச்சார். "இது என்ன?"ன்னார். வாயாடி கதையைச் சொன்னேன். கிளி, சனிக்கிழமை வண்டி, மைக், எல்லாம். சிரிக்கல அவர். "தனக்குச் சாதகமா இருந்த நம்பரை ஒரு சின்னப் பொண்ணு தானே குறைச்சிருக்கா. அப்ப மிச்சம் இருக்கிற நூத்தி முப்பத்தி ஒண்ணை நான் மறுத்துப் பேச முடியாது"ன்னார்.

பார்த்தியா? நீங்க அந்த நம்பரைத் திருத்தலைன்னா நான் அந்த ரூம்ல தோத்திருப்பேன் அக்கா. விற்பனை மேனேஜர் ஒரே நிமிஷத்துல எண்ணிக்கை பொய்னு நிரூபிச்சு எங்களை ஊதித் தள்ளியிருப்பார்.

அப்புறம் ஃபேனோட பாகங்களைக் கோத்து மாட்டுற அசெம்பிளி வரிசையோட சூபர்வைசர் அம்மாவைக் கூப்பிட்டாங்க. நாலு ஸ்க்ரூ போட எவ்வளவு நேரம் கூடுதலா ஆகும்னு எம்.டி. கேட்டார். அவங்க யோசிக்கவே இல்ல. "பதினோரு செகண்டு சார். ஆறு வருஷமா யாராவது கேப்பாங்கன்னுதான் இருந்தேன்"னாங்க. பதினோரு செகண்டு! அதுக்காகவா இவ்வளவு செம்பும் கிடங்குல குவிஞ்சு கிடக்குது?

தீர்மானம் ஆயிடுச்சு. அக்டோபர்ல இருந்து வர்ற ஃபேன் எல்லாத்துக்கும் நாலு ஸ்க்ரூ. கன்டென்சர் எல்லாக் கடையிலயும் தனியாக் கிடைக்கும். நோட்டீஸைத் திரும்ப வாங்கிக்கிற கடிதம் இதோட வெச்சிருக்கேன். அதுல என் கையெழுத்துக்குப் பக்கத்துல எம்.டி. கையெழுத்தும் இருக்கு, தலைமையாசிரியைக்குக் காட்டு.

இன்னொண்ணும் இருக்கு, இது என் சொந்த மூளை. உன் வரைபடத்தைப் பார்த்துட்டே இருந்தப்போ தோணுச்சு. எங்க லாரி ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை புது ஃபேனோட உங்க ஊருக்கு வருது. இறக்கிட்டு எப்படித் திரும்புது? காலியா. பதினஞ்சு வருஷமா காலியாத் திரும்புது, ஒருத்தர் கண்ணுலயும் படல, அதைத் தினமும் பார்க்கிற என் கண்ணுலயும் படல. இனிமே கிடங்குல கிடக்கிற பழைய ஃபேனை ஏத்திட்டு வரும். சரி பண்ண முடியறதைச் சரி பண்ணுவோம், முடியாததுல இருந்து செம்பை எடுத்துப் புது மோட்டார்ல சுத்துவோம். வாயாடிகிட்ட சொல்லு, அவ கேட்ட அம்புக்குறிக்கு வண்டி கிடைச்சிருச்சு.

சான்றிதழைக் கழட்டிட்டேன். சட்டத்துக்குப் பின்னாடி நாலு ஸ்க்ரூ இருந்துச்சு, சிரிப்பு வந்துடுச்சு. இப்ப அந்தச் சட்டத்துல உன் பிள்ளைங்க வரைபடம்.

நாற்காலி இன்னும் என்கிட்டதான் இருக்கு. கவலைப்படாத.

கழட்டி

&nbsp;

அக்டோபர் 19

என் ராசா,

ஜெயிச்சுட்டோம்டா! எங்க இருந்து ஆரம்பிக்கிறதுன்னே தெரியல, பேனா கையில நிக்க மாட்டேங்குது.

நேத்து கண்காட்சி. காலையில எட்டரை மணிக்கு உங்க லாரி பள்ளிக்கூட மைதானத்துக்குள்ளயே வந்துச்சு, டிரைவர் விடாம ஹாரன் அடிச்சார். பிள்ளைங்க ஓ-ன்னு கத்தினதுல பறவையெல்லாம் பறந்துடுச்சு. கிடங்குக்காரர் தன் வண்டியிலயே பழைய ஃபேனைக் கொண்டுவந்து குடுத்தார். நாப்பத்தோரு பேரும் வரிசையா நின்னு கைக்குக் கை மாத்தி லாரியில ஏத்தினாங்க. வெளியே வந்து பார்த்த தலைமையாசிரியை, ரெண்டு நிமிஷம் கையைக் கட்டிட்டு நின்னாங்க. அப்புறம் புடவையை இழுத்துச் செருகிட்டு வரிசையில அவங்களும் நின்னுட்டாங்க! என் பதினாலு வருஷ வேலையில இப்படி ஒரு காட்சி பார்த்ததில்ல.

ஹாலுக்குள்ள உன் புது ஃபேனைப் பெற்றோர் முன்னாடி வெச்சோம். வகுப்புலயே பயந்தாங்கொள்ளி ஒருத்தன், நாலு ஸ்க்ரூவைக் கழட்டி, கன்டென்சரை வெளியே எடுத்துக் காட்டி, திரும்ப மாட்டி, மூடி, சுவிட்சைப் போட்டான். நான் கடிகாரம் பார்த்தேன், நாலு நிமிஷம் கூட ஆகல. காத்து அடிச்சதுல முதல் வரிசைக்காரங்க கையில இருந்த காகிதமெல்லாம் பறந்துச்சு. கைதட்டல் நிக்கவே இல்ல.

அப்புறம் நீ லாரியில தனியா அனுப்பின பெட்டியைத் திறந்தோம். கிளி ஃபேன்! புது முதுகோட. கிளியை ஒரு கீறல் படாம வெச்சிருக்கியேடா. திருப்பிப் பார்த்தா மூணு ஸ்க்ரூதான் இருக்கு, ஒரு ஓட்டை காலி. இவன் மறதிக்காரன்னு உன்னைத் திட்ட வாயெடுத்துட்டேன். அப்பதான் பெட்டி அடியில நாலாவது ஸ்க்ரூவும் ஒரு சீட்டும் இருந்துச்சு. நானே மைக்ல படிச்சேன். "எண்ணிக்கையைக் குறைச்சுச் சொன்ன பொண்ணு இதைப் போடணும்."

வாயாடி மேடைக்கு வந்தா, ஸ்க்ரூவை வெச்சா, திருகினா. மரை சரியாப் பிடிச்சுது. அவங்க அம்மா முந்தானையால கண்ணைத் துடைச்சுக்கிட்டாங்க. நான் மட்டும் சும்மாவா, மூக்கை உறிஞ்சிட்டு நின்னேன். அதுக்கப்புறம் அவ பச்சை பெயிண்டை எடுத்துட்டுப் போய், சுவர்ல கிடங்குல இருந்து தொழிற்சாலைக்கு ஒரு அம்புக்குறி வரைஞ்சா. கை அகலத்துக்குத் தடிமனா, பூசிப் பூசி வரைஞ்சா. ஹால்ல இருந்த அத்தனை பேரும் எழுந்து நின்னுட்டாங்க. கடைசியில தலைமையாசிரியை மைக்கை வாங்கினாங்க. "ஒன்பதாம் வகுப்புக்கு மூணு பீரியடும் இருக்கும். எட்டாம் வகுப்புக்கும் ஒண்ணு கூட்டித் தரேன். கணக்குல இருந்து"ன்னாங்க. கணக்குல இருந்து! கேட்டியா?

பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடங்கள்ல இருந்து ஆறு டீச்சர் வந்திருந்தாங்க. எப்படி எண்ணணும்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க. முதல்ல சீரியல் நம்பரை எழுதுங்க, பொருள் நகரும்னு சொன்னேன்.

எல்லாரும் வந்தாங்க. நீ வரல. நீ வந்திருக்கணும்டா. முதல் வரிசையில அம்மா பக்கத்துல ஒரு நாற்காலியைக் காலியாவே வெச்சிருந்தேன், யாரையும் உட்கார விடல. கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. உன்னைப் பார்க்கணும் எனக்கு, அவ்வளவுதான். அப்பாகிட்ட அன்னைக்குப் போயிருக்கக்கூடாது நான். உன்கிட்ட கேட்டிருக்கணும். சுவர்ல ஒட்டுறதுக்கு முன்னாடியும் கேட்டிருக்கணும். நேர்ல சொல்லணும்னு வெச்சிருந்தேன், பொறுக்க முடியாம எழுதிட்டேன்.

வாயாடி கேக்கிறா, "டீச்சர், உங்க தம்பி நிஜமாவே இருக்காரா, இல்ல கதையா?"ன்னு.

அக்கா

&nbsp;

அக்டோபர் 25

அக்கா,

நிஜமாவே இருக்கேன்னு சொல்லு.

கண்காட்சிக்கு வராததுக்குக் காரணம், வெக்கம். நோட்டீஸ் போட்ட முகத்தோட அந்தப் பிள்ளைங்க முன்னாடி எப்படி நிக்கிறதுன்னு தெரியல. உன் கடுதாசியைப் படிச்சதும் அது போயிடுச்சு.

வர்ற சனிக்கிழமை லாரி கிளம்புது. டிரைவர் பக்கத்துல ஒரு சீட் இருக்காம், கேட்டு வெச்சுட்டேன். வரும்போது புது ஃபேனோட நானும் வரேன். திரும்பும்போது பழைய ஃபேன் மட்டும் போகட்டும், நான் ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன்.

அம்மா ஃபேனை நான் வர்ற வரைக்கும் யாரும் தொடாதீங்க. அதைக் கழட்டித் துடைச்சு எண்ணெய் போட்டு ரொம்ப நாள் ஆச்சு. ஸ்க்ரூடிரைவர் நானே எடுத்துட்டு வரேன்.

உன் கழட்டி